மைக் ரிப்பேர்

“சார், நம்ம பாஷையில ரெண்டு பேர் பேசிக்கிட்டா எப்படி இருக்கும்? ஒரு தடவையாவது கேக்கணும்னு ஆசையா இருக்கு” என்றாள் போனுக்குள் இருந்த நர்ஸ்.

சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனை நிமிர்த்தினார் லிப்ட் மெக்கானிக். நர்ஸ் ஓர் ஊர், லாரி டிரைவர் வேறோர் ஊர், தையல்காரம்மா எந்த ஊரோ. முந்தின தலைமுறை கைவிட்ட பாஷையை ஞாயிறுதோறும் அவரிடம் கற்றுக்கொள்கிறார்கள்.

“அதுக்கு ரெண்டு பேர் வேணுமேம்மா. சரளமாப் பேசறவங்க நானும் எங்க அக்காவும்தான் மிச்சம். வீட்டைப் பாகம் பிரிச்சதுல சண்டை. பல வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல.”

“நீங்களே ஒரு போன் போட்டா என்ன சார்?” என்றார் டிரைவர்.

“முதல்ல அவ பேசட்டும்.”

“அவங்களும் அங்க இதையேதான் சொல்லிட்டிருப்பாங்க. ஒரே குட்டையில ஊறின மட்டைங்க” என்றாள் அடுப்படியிலிருந்து மனைவி.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கனவுகூட அந்தப் பாஷையில்தான் வருகிறது. விழித்ததும் அதைச் சொல்ல ஆளில்லை.

‘இன்னொரு தடவை சொல்லுங்க சார்’ என்று திரையில் எழுத்து ஓடியது. தையல்காரம்மாதான். முகம் காட்டமாட்டார், மைக் ரிப்பேராம். சேர்ந்த நாளிலிருந்து ஒரு பாடமும் மண்டையில் ஏறவில்லை.

“உங்களுக்குச் சொல்லிச் சொல்லியே என் வாய் வலிக்குதும்மா” என்று அலுத்துக்கொண்டாலும், மறுபடி முதலிலிருந்து நிதானமாகச் சொன்னார்.

அடுப்படியில் மிளகு வறுபடும் நெடி வந்தது. தும்மினார்.

“தும்மினா நம்ம பாஷையில என்ன சார் சொல்லணும்?” என்றாள் நர்ஸ்.

“‘நான் இருக்கேன்’னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு வார்த்தை உண்டு. அதைக் கூடப்பிறந்த அக்கா மட்டும்தான் சொல்லலாம். நான் வாயால சொல்லக் கூடாது, அதனால உங்களுக்கும் சொல்லித்தர முடியாது.”

“அக்கா பக்கத்துல இல்லேன்னா?”

“தும்மினது தும்மினதுதான்.”

நெடி விடவில்லை. அடுக்கடுக்காகத் தும்மினார். மூச்சு முட்டி, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

தையல்காரம்மாவின் ரிப்பேரான மைக்கிலிருந்து, அவர் யாருக்குமே கற்றுத்தராத அந்த வார்த்தை வந்தது.