மேல் சுரம்

"வாசிச்சுக் காட்டுங்க மச்சான். அப்புறம் கையெழுத்துப் போடலாம்" என்றான் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை புருஷன். இருபத்தாறு வருஷம் என் பேண்டில் கிளாரினெட் வாசித்தவன். இப்போது மெட்டுகளைச் சுரமாக எழுதிப் புத்தகம் போடும் பதிப்பகத்தில் உத்தியோகம். தனி அறை. சுழல் நாற்காலி.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கச்சேரி முடிந்ததும் கிளாரினெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். இனி வரமாட்டேன் என்றான். ஏன் என்று கேட்டதற்கு, அலுத்துப்போச்சு என்றான். அவ்வளவுதான். அடுத்த வருஷமே பேண்டு கலைந்தது.

அதற்கப்புறம் போன் செய்தால்கூட அவன் எடுப்பதில்லை. தங்கைதான் எடுப்பாள். நேரில் வந்து பேசுண்ணே என்பாள். பெரிய மனுஷன் ஆகிவிட்டான், நான் எதற்குப் போகவேண்டும் என்று இருந்துவிட்டேன்.

இப்போது அவனுக்கு என் மெட்டு வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு கச்சேரியிலும் கடைசியாக வாசித்த மெட்டு. நான் போட்டது. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பது அது ஒன்றுதான்.

ஞாபகத்திலிருந்தே முழுசும் எழுதி வைத்திருந்தான். காகிதத்தின் தலையில் என் பெயர் இருந்தது. என் பெயரை எனக்குப் படிக்கத் தெரியும். அதற்குக் கீழே கோடும் புள்ளியும், எறும்பு வரிசை போல. பாதி மெட்டை மாற்றி எழுதிவிட்டு நாளைக்கு அது தன்னுடையது என்றால் நான் யாரிடம் போய் நிற்பது?

மெட்டுப் போட்டவர் வாசிக்கவேண்டும், இவன் காகிதத்தோடு ஒத்துப்பார்த்து வரிக்கு வரி டிக் அடிக்கவேண்டும், பிறகுதான் அச்சு. அந்த ஆபீஸில் அப்படித்தானாம்.

என்னை ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்தான். வெயிலில் கண் கூசியது. நான் பேசும்போதெல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன, பல்லுக் கடை காலியா கிடக்கேன்னு பாக்கிறியா?" என்றேன்.

"முன்பல்லு ரெண்டும் இருக்கே மச்சான். டிரம்பெட்டுக்கு அது போதும்" என்று சிரித்தான்.

டிரம்பெட்டை எடுத்தேன். அவன் பென்சிலை எடுத்தான்.

இவனைச் சோதித்துவிடுவோம் என்று மூன்றாவது வரியில் வேண்டுமென்றே தப்பாக ஒரு பொத்தானை அழுத்தினேன்.

பென்சில் நின்றது.

"நடுப் பொத்தான் மச்சான். முதல் பொத்தானை அழுத்திட்டீங்க. சொந்த மெட்டே மறந்துபோச்சா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. காகிதத்தில் இருப்பது என் மெட்டேதான். நாற்காலியில் உட்கார்ந்தாலும் இவன் காது இன்னும் கத்தி மாதிரி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். இந்தத் தடவை மனசு வைத்து.

டிரம்பெட்டில் பொத்தான் மூன்றுதான். அதே பொத்தானில் கீழ்ச் சுரமும் பிறக்கும், மேல் சுரமும் பிறக்கும். எது என்பதை உதடு முடிவு செய்யும். என் உதட்டுக்கு எழுபத்தொரு வயது.

கடைசி வரியில் மேல் சுரம் ஏறவில்லை. பாதியில் உடைந்து, ஆட்டுக்குட்டியின் கழுத்தைப் பிடித்த மாதிரி கிழிந்து, கீழே விழுந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டைப் அடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் தலையைத் தூக்கினார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் காலத்தில் இதில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் மாப்பிள்ளை வாசித்துக்கொண்டே திரும்பி முறைப்பான். மேடை இறங்கிய பிறகும் விடமாட்டான்.

இப்போது கடைசிச் சுரத்தின்மேல் டிக் அடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"சுத்தம் மச்சான். அந்தக் காலத்துல வாசிச்ச மாதிரியே இருக்கு."

கேலி செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். அவன் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவை இன்னும் பொத்தான்மேல்தான் இருந்தன. சரியான பொத்தான்மேல்.

டிரம்பெட்டால் வாயை மறைத்துக்கொண்டு, "தங்கச்சி எப்படி இருக்கா மாப்ள?" என்று கேட்டேன்.

அவன் கண் இன்னும் என் விரல்மேல்தான் இருந்தது. நான் டிரம்பெட்டை இறக்குவதற்காகச் சிரித்த முகத்தோடு காத்திருந்தான்.

இறக்கினேன். காகிதத்தை என் பக்கம் தள்ளினான். அவன் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். படித்துக் காட்டு என்று கேட்கவில்லை.

அந்த நாளில் எங்கள் பேண்டில் யார் எங்கே நிற்பது என்று சொல்வது நான். மாப்பிள்ளை குள்ளம். அதனால் அவனை எப்போதும் எனக்கு நேர் முன்னால் நிறுத்துவேன். டிரம்பெட் அவன் தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில்.

"வேற பக்கம் நின்னுக்கட்டுமா மச்சான்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான்.

காதில் பஞ்சு வைத்துக்கொள்ளடா என்றேன்.

பேண்டே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டுப் போய் அதே இடத்தில் நின்றான்.