இருநூற்றுப் பன்னிரண்டு

ஒரு பாலிடெக்னிக்கின் மின்னியல் ஆய்வகத்தில் வோல்ட்மீட்டர் ஒன்றும் அம்மீட்டர் ஒன்றும் ஒரே மேசையில் வேலை பார்த்தன. வோல்ட்மீட்டர் வேலைக்குப் புதுசு. முதல் நாள் மின்சாரம் வந்ததும் அக்கறையாக முள்ளை நகர்த்தி, இருநூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது. மாணவர்கள் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து இருநூற்று முப்பது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

"நான் காட்டுறது யார் கண்ணுக்கும் தெரியலையா அண்ணே?" என்று கேட்டது வோல்ட்மீட்டர்.

"என் முள் உடைஞ்சே மூணு வருஷம் ஆச்சு தம்பி. என் அளவையும் எழுதிக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றது அம்மீட்டர்.

மறுவாரம் பூங்கோதை என்ற மாணவி குனிந்து, முள்ளை நிதானமாகப் பார்த்து, இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினாள். வோல்ட்மீட்டருக்கு மனசு குளிர்ந்தது.

விரிவுரையாளர் நோட்டைப் பார்த்தார். "எல்லாருக்கும் வந்தது உனக்கு மட்டும் ஏம்மா வரலை? திரும்பச் செய்" என்றார்.

அவள் மூன்று தடவை செய்தாள். மூன்று தடவையும் இருநூற்றுப் பன்னிரண்டுதான். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். அவள் கண் கலங்கி நின்றதை வோல்ட்மீட்டரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நான்காவது தடவை மூச்சைப் பிடித்து முள்ளை இருநூற்று முப்பதுக்குத் தள்ளியது. அவள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள். விரிவுரையாளர் வோல்ட்மீட்டரைத் துடைத்து, 'நல்ல நிலையில் உள்ளது' என்று சீட்டு ஒட்டிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்தார்.

"எல்லாரும் போயாச்சு. முள்ளை இறக்கிக்கோ தம்பி" என்றது அம்மீட்டர்.

"இறங்க மாட்டேங்குது அண்ணே" என்றது வோல்ட்மீட்டர்.