அரைத் தாளம்

பியானோவின் முன் உட்கார்ந்ததும் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்று நிறுத்தக்கூடாது.

இன்னொரு தடவை வாசிப்பை நடுவில் நிறுத்தினால் வேலை போய்விடும். அப்படி ஆனால் திங்கட்கிழமை முதல் கிராமபோன் வைத்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லிவிட்டார். பியானோ உள்ள சினிமாக் கொட்டகை அந்த ஊரிலேயே இது ஒன்றுதான்.

மத்தியானக் காட்சி. ஊமைப்படத்தின் முதல் சுருள் ஓடி முடிந்தது. அடுத்ததை மாட்டும்வரை சனம் சும்மா இருக்காது, விசிலடிக்கும். அதற்காகத்தான் நடுவில் ஒரு நடனம்.

ஆசீர்வாதம் மேடையேறினான். இருபத்திரண்டு வயது. முழங்கால் இரண்டும் இரும்பு.

போன மாதம்வரை அங்கே ஆடியவர் அவள் புருஷன் தேவசகாயம். மூன்றே நாள் காய்ச்சல். போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவளும் ஆடியவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு இருவரில் ஒருவர் வாசிக்க வேண்டியிருந்தது. அவருக்கு வாசிப்பு வரவில்லை. விரலா அது, உலக்கை.

நாலு வருஷம் முன்பு அவர் ஆட்டத்தின் நடுவில் மேடையிலிருந்து விழுந்தார். இடது முழங்கால் போயிற்று. எழுந்து ஆடத்தான் செய்தார். ஆனால் இடப்பக்கம் சுழலும்போது மட்டும் அரைத் தாளம் பிந்தினார்.

அந்த அரைத் தாளத்துக்கு அவள் காத்திருந்தாள். அவர் கால் ஊன்றியதைப் பார்த்த பிறகே அடுத்த கட்டையை அழுத்தினாள்.

நாலு வருஷம்.

யாருக்கும் தெரியாது. நின்று திரும்புகிற அழகே தனி என்று சனம் மெச்சியது. அவருக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து மீசையை முறுக்குவார்.

"டாக்டரு என்னமோ ஆட்டம் முடிஞ்சுதுன்னான். ஒரு தாளம் தப்புச்சா, நீயே சொல்லு."

தப்பவில்லை என்பாள்.

இப்போதும் அந்த இடம் வந்தால் விரல் தானாக நிற்கிறது. ஆசீர்வாதம் தடுமாறுகிறான். நேற்றும் முந்தாநாளும் விழுந்தே விட்டான். கொட்டகையே சிரித்தது. பாவம், அவனும் எத்தனை நாள் பொறுப்பான்.

அவளுக்கும் தெரிகிறது. ஆனால் அவர் இன்னும் இருப்பது அந்த ஒரு இடத்தில்தான்.

அந்த இடம் வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள்.

விரல் நிற்கவில்லை.

ஆசீர்வாதம் பம்பரமாகச் சுற்றி நேராக நின்றான். கைதட்டல் கூரையைப் பிளந்தது. பக்கவாட்டில் நின்ற மேனேஜர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பு.

அவள் இவற்றில் எதையும் பார்க்கவில்லை. ஆசீர்வாதத்துக்கு இடப்பக்கம், ஒருவருமில்லாத மேடைப் பலகையைப் பார்த்தாள். அங்கே அவர் கால் இன்னும் ஊன்றியிருக்கவில்லை. வாசித்துக்கொண்டிருந்த கைகள் இரண்டும் எழுந்து முன்னால் நீண்டன.

"ஐயோ, பாத்துங்க!"

ஆசீர்வாதம் மூச்சிரைக்க அவள் பக்கம் குனிந்தான். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

"நான் விழலியேக்கா," என்றான்.