திருப்பி மாட்டாத வில்லை

கேரவனை விட்டு இறங்க மாட்டேன் என்று நோரீன் சொல்லிப் பார்த்தாள். முட்டி வலிக்கிறது என்றாள். வெயில் ஆகாது என்றாள்.

மகன் கிளென் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். "அப்பா பேரை உன் பேத்திக்கு நீதாம்மா காட்டணும். இதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்."

கடற்கரைக்கு என்று சொல்லித்தான் அடிலெய்டில் அவளை ஏற்றியிருந்தான். வண்டி கடலுக்கு முதுகைக் காட்டி உள்நாட்டுச் சாலையில் திரும்பியபோதே எங்கே போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

புருஷன் செத்த பிறகு அவள் இந்த ஊருக்குள் கால் வைத்ததில்லை. இங்கே ஒரே ஒரு ஆள் கண்ணில் மட்டும் மகன் பட்டுவிடக் கூடாது. அவ்வளவுதான் அவளுடைய பயம். இருக்கிற வயதுக்கு அந்த ஆள் போய்ச் சேர்ந்திருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு இறங்கினாள்.

சுரங்கத்தை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. இரும்புக் கோபுரமும், தோண்டிக் கொட்டிய மண் மேடுகளும், தகரக் கூரை படபடக்கும் சில வீடுகளும் மிச்சம். ஈக்கள் மட்டும் குறையவில்லை.

கோபுரத்தின் அடியில் ஒரு சுவர். சுரங்கத்துக்குள் இறந்தவர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் அவரவர் பித்தளை வில்லை. கிழவர் ஒருவர் ஈரத் துணியால் அந்த வில்லைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதுகைப் பார்த்ததுமே நோரீனுக்குத் தெரிந்துவிட்டது. போய்ச் சேரவில்லை. லிண்ட்சேதான்.

கிளென் கவனிக்கவில்லை. குழந்தை இஸ்லாவைத் தூக்கி, மெர்வின் ட்ராஸ்க் என்ற பெயரைத் தொடச் சொன்னான்.

"இது காசாப்பா?"

"வில்லைடா செல்லம். கீழே இறங்குறவங்க இதைப் பலகையில 'உள்ளே'ங்கற பக்கம் மாட்டணும். மேல வந்ததும் 'வெளியே' பக்கம் திருப்பி மாட்டணும். அப்பத்தான் யார் உள்ள இருக்காங்கன்னு தெரியும்."

பிறகு அவன் குரல் கெட்டிப்பட்டது. இந்தக் கதையில் இந்த இடம் வந்தால் எப்போதும் அப்படித்தான்.

"தீப்பிடிச்சப்ப உன் தாத்தா பத்திரமா மேல வந்துட்டாரு. ஒரு மடப்பய வில்லையைத் திருப்பி மாட்டாமலே வெளிய போயிட்டான். அவன் உள்ள சிக்கிக்கிட்டான்னு நெனச்சுத் தேடப் போனாரு தாத்தா. அந்த அவசரத்துலயும் தன் வில்லையை மறக்காம 'உள்ளே' மாட்டிட்டுத்தான் போனாரு. போனவர்தான்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

இவ்வளவையும் மகனுக்குச் சொன்னவள் நோரீன்தான். சின்ன வயதில் அவன் நச்சரித்தபோது பாதியைச் சொன்னாள், பாதியை மென்று விழுங்கினாள். விழுங்கியது இன்றுவரை செரிக்கவில்லை.

"நீங்க இந்த ஊரா பெரியவரே? அந்த ஆள் இன்னும் உசிரோட இருக்கானா?" என்று கேட்டான் கிளென்.

கிழவர் திரும்பினார். முதலில் நோரீனைத்தான் பார்த்தார்.

இவர்தான்டா அது என்று சொல்லிவிட அவளுக்கு நாக்கு துடித்தது. சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அப்படி எங்கே ஓடினார்? அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அதை நினைத்துத்தான் இத்தனை வருடமும் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

வேண்டாம் என்பதுபோல் கிழவர் லேசாகத் தலையசைத்தார்.

"இருக்கான் தம்பி. இங்கதான் சுத்திக்கிட்டுக் கெடக்கான். வேற எங்க போவான்?"

"பாத்தா ஒண்ணு கேளுங்க. ஒரு வில்லையைத் திருப்பி மாட்டுறதுக்கு அவனுக்கு என்ன கேடுன்னு மெர்வின் ட்ராஸ்க் மகன் கேட்டான்னு சொல்லுங்க. எங்கப்பாவை நான் போட்டோவுலதான் பாத்திருக்கேன் பெரியவரே."

"கேக்குறேன். நியாயந்தான்." கிழவர் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அப்ப உனக்கு என்ன வயசிருக்கும்?"

"நடக்கக்கூட ஆரம்பிக்கலயாம்."

கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். மூச்சு சீராக ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதுபோல் இருந்தது.

"நல்லா வளந்திருக்கே," என்றார். வாளியை எடுத்துக்கொண்டு மண் மேட்டுப் பக்கம் நடந்தார்.

"என்னம்மா கிழவன் அப்படி முறைச்சுப் பாக்கறான்?"

"வயசாயிடுச்சில்ல," என்றாள் நோரீன்.

கேரவன் கிளம்பியது. ஊரைத் தாண்டியதும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை. வளைவே இல்லாத அதே சாலை. தீப்பிடித்த அன்றைக்கு மெர்வின் இன்னும் கீழே இருந்தான். சுரங்கத்திலிருந்து மேலேறிய கூண்டை விட்டு இறங்கி வந்த முதல் ஆளான லிண்ட்சேயிடம், மூச்சு நின்று நீலம் பாரித்த குழந்தையை நீட்டிக் கதறியவள் அவள்தான். தலையில் விளக்குத் தொப்பியோடு அப்படியே பிக்கப் வண்டியை எடுத்தார். ஒரு கை ஸ்டீரிங்கில், ஒரு கை குழந்தையின் முதுகைத் தட்டியபடி.

பாதி தூரத்தில், பின்னால் சுரங்கத்தின் அபாயச் சங்கு ஊதியது.

லிண்ட்சே முகம் வெளிறியது. "ஐயோ, என் வில்லை," என்று பிரேக்கில் காலை வைத்தார்.

அவள்தான் அவர் கையைப் பிடித்தாள்.

"திரும்பாதே லிண்ட்சே. ஓட்டு. கிளென் செத்துடுவான்."