பேஸ்மென்றில் ஈரம்

"மதிப்பை எண்பதாயிரம் டொலர் குறைச்சுப் போட்டிருக்கினம் அண்ணை," என்றான் வீட்டுக்கடன் எடுத்துத் தரும் மோர்கேஜ் புறோக்கர் ரம்ஸீன், ஃபோனில்.

"எந்த வீட்டுக்கு? எங்கட அஜக்ஸ் வீட்டுக்கோ?" வாகீசனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "மதிப்புப் போட வந்தவனுக்குக் கண் தெரியுமோ?"

"அவர் போட்ட மதிப்புக்குத்தான் பாங்க் கடன் தரும். மிச்சத்தை நீங்கள்தான் கையிலயிருந்து போடவேணும்."

கையில் எங்கே இருக்கிறது? அவனுடைய சேமிப்பு, மனைவி அட்சயா இரட்டை ஷிஃப்ட் செய்து உழைத்தது, அவளுடைய கலியாணக் காப்புகள் எல்லாம் டெப்போசிட்டாகப் போய்விட்டன. இப்போது வீட்டை வாங்காமல் விட்டால் அந்த டெப்போசிட்டும் அம்போதான்.

'பாங்க் கடன் தராவிட்டால் வாங்கமாட்டேன்' என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை போட்டிருக்கலாம். வாகீசன் வேண்டுமென்றேதான் போடவில்லை. நிபந்தனை இல்லையென்றால் விலையை இன்னும் கொஞ்சம் இறக்கலாம் என்பது அவன் எண்ணம். இறக்கியும் காட்டினான். ஆள் விலை பேசுவதில் சூரன். மீன்கடையென்றாலும் சரி, வீடென்றாலும் சரி, அவனிடம் அகப்பட்ட வியாபாரிக்கு வேர்த்துவிடும்.

"ஏன் குறைச்சவனாம்?"

"கூரை வேலை சரியில்லையாம். வீட்டைச் சூடாக்கிற பேர்னஸ் கனகாலம் நிக்காதாம். பேஸ்மென்றில ஈரமாம்."

"பச்சைப் பொய்! கூரை போட்டு நாலு வருசம்தான். பேர்னஸ் ஓடுற சத்தமே கேக்காது. அப்பிடிக் காய்ஞ்ச பேஸ்மென்ற் வேற எங்கயும் இருந்தால் காட்டட்டும் பாப்பம்!"

"அப்ப ஆதாரம் எடுத்துத் தாங்கோ அண்ணை. திருப்பிப் பாக்கச் சொல்லிக் கேப்பம்."

"தாறன். இதை நான் சும்மா விடப்போறதில்லை."

அட்சயா பயந்துபோய் நின்றாள். கலியாணமாகி வந்த நாள் தொடக்கம் ஸ்கார்பரோவில் யாரோ ஒருவருடைய வீட்டுக்கு அடியிலுள்ள பேஸ்மென்றில் குடியிருப்பவள். ஜன்னலால் பார்த்தால் வானம் தெரியவேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

"இஞ்ச பாருங்கோ, வீடு விக்கிற அந்த அங்கிளிட்டயே தன்மையாக் கேப்பம். இன்னும் கொஞ்சம் குறைப்பாரோ தெரியாது."

"கெஞ்சச் சொல்லுறியோ? தமிழன் வீடு வாங்கிறான் எண்டு மதிப்புப் போட்டவனுக்கு எரிச்சல். அந்த வீட்டைக் குறை சொல்ல அவன் ஆர்? வெளிக்கிடு!"

அஜக்ஸுக்குப் போகும் 401 நெடுஞ்சாலை நெடுக அவன் வாய் ஓயவில்லை.

கதவைத் திறந்தவர் துரை அங்கிள். வீட்டை விற்றுவிட்டு ஸ்ரௌவ்வில்லில் மகளோடு போய் இருக்கப்போகிறவர். விலை பேசிய அன்றும் அதிகம் வாய் திறக்காத மனிதர்.

"வாங்கோ தம்பி. வா பிள்ளை. தேத்தண்ணி போடட்டோ?"

"தேத்தண்ணி இருக்கட்டும் அங்கிள். கூரை போட்ட பில் வச்சிருக்கிறியளோ?"

"இருக்கு."

"பேர்னஸ் சேர்விஸ் செய்த பில்?"

"அதுவும் இருக்கு."

"ரெண்டையும் தாங்கோ. இப்பிடி ஒரு வீடு இந்தத் தெருவிலயே இல்லை எண்டு நான் பாங்குக்குக் காட்டுறன். கூரை சரியில்லையாம், பேர்னஸ் நிக்காதாம், கீழ ஈரமாம்! வாய் கூசாமல் எழுதியிருக்கிறான் அந்தப் படுபாவி!"

துரை அங்கிள் அவனைக் கையமர்த்தினார்.

"அந்தாளை ஏசாதேங்கோ தம்பி. வீட்டில ஏதும் குறை இருக்கோ எண்டு என்னட்டைக் கேட்டது. நான்தான் சொன்னனான்."

"நீங்களோ!" வாகீசன் கத்தியேவிட்டான். "சொந்த வீட்டைப் பற்றி ஆரும் அப்பிடிச் சொல்லுவினமோ? ஆர் உங்களுக்கு இந்தப் பொய்யெல்லாம் சொன்னது?"

"நீங்கள்தான்."

அவர் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை.

"விலை பேசின அண்டைக்கு, கூரை போட்டவன் என்னை ஏமாத்திப்போட்டான் எண்டு சொன்னனீங்கள். பேர்னஸ் ரெண்டு விண்டர் தாங்காது எண்டனீங்கள். கீழ ஈரம் மணக்குது எண்டு மூக்கைப் பொத்தினனீங்கள். இவ்வளவு காலம் இருந்தும் எனக்கு ஒண்டும் தெரியேல்லை. ஆனா படிச்ச பிள்ளை பொய் சொல்லாது எண்டு நம்பித்தானே விலையைக் குறைச்சனான்? பிறகு அந்தாளிட்ட மறைக்கிறது பாவமெல்லோ?"

அட்சயா தலையைக் குனிந்துகொண்டாள்.

துரை அங்கிள் மேசை லாச்சியைத் திறந்து பில் இரண்டையும் எடுத்து அவன் கையில் வைத்தார்.

"கூரைக்கும் பேர்னஸுக்கும் இதைக் காட்டினாப் போதும். ஈரத்தைத்தான் அந்தாள் டோர்ச் அடிச்சுத் தேடியும் காணேல்லை. வீட்டுக்காரரே சொல்லேக்க இருக்கத்தான் வேணும் எண்டு எழுதிக்கொண்டு போட்டுது," என்றபடி பேஸ்மென்ற் கதவைத் திறந்து லைற்றைப் போட்டார். "வாங்கோ தம்பி, எங்க எண்டு நீங்களே ஒருக்காக் காட்டிவிடுங்கோ."