சாம்பியின் கூச்சல்

ஒரு வீட்டுக் கொல்லையில் சாம்பி, புள்ளிச்சி என்று இரண்டு கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன. ஒரு நாள் காலையில் புள்ளிச்சி இரை எடுக்காமல், மூக்கு ஒழுக, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது.

பறவைக் காய்ச்சல் பரவியிருந்த சமயம் அது. "கோழி சுணங்கினால் மறைக்காதீர்கள், உடனே சொல்லுங்கள்" என்று கால்நடை டாக்டர் தெருத்தெருவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"வெளியே தெரிந்தால் நம் எல்லோரையும் குழியில் போட்டு மூடிவிடுவார்கள். மூச்சு விடாதே" என்றது சேவல்.

சாம்பிக்கும் பயம்தான். ஆனால் பக்கத்து வீட்டுக் குஞ்சுகள் வேலி நுழைந்து வந்து, புள்ளிச்சி குடித்த தண்ணீரிலேயே வாய் வைக்கப் போயின. அதற்கு மேல் சாம்பிக்குப் பொறுக்கவில்லை. குஞ்சுகளை விரட்டிவிட்டு, வாசற்படியில் நின்று தொண்டை கிழியக் கத்தியது.

வீட்டுக்காரி ஓடிவந்து பார்த்தாள். கையுறை மாட்டிக்கொண்டு புள்ளிச்சியைத் தனிக் கூண்டில் விட்டாள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் வந்து சளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வரும்வரை சேவல் சாம்பியோடு பேசவில்லை. சாம்பிக்கு இரையும் இறங்கவில்லை.

கடைசியில் டாக்டரே வந்து சொன்னார்: "பறவைக் காய்ச்சல் இல்லையம்மா, வெறும் சளிதான். மருந்து கொடுத்தால் சரியாகிவிடும்."

"எனக்கு அப்போதே தெரியும்" என்று சேவல் சிறகை அடித்துக்கொண்டது.

உடம்பு தேறிப் புள்ளிச்சி கூண்டைவிட்டு வெளியே வந்தது. சாம்பி தயங்கித் தயங்கிக் கிட்டே போனது.

"என் மேல் கோபமா?"

"நீ கத்தினபோது கோபம்தான், காட்டிக்கொடுத்துவிட்டாயே என்று" என்றது புள்ளிச்சி.

"இப்போது?"

"இப்போது பசிக்கிறது. வா, இரை பொறுக்கலாம்."