மருந்து போட்ட கிணறு

பிரெஞ்சுக்காரன் போன பிறகும் கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் போகவில்லை. சொந்தக் கிணறே ஆனாலும், கிருமி சாக மருந்து போட்டால் விடியும்வரை இறைக்கக் கூடாது. செலியமேட்டுக்காரர்கள் இதையெல்லாம் கேட்கிற ஆட்கள் இல்லை. அதனால் மருந்து போடும் கொம்யூன் ஊழியர் சம்மந்தம், கயிற்றையும் வாளியையும் தன் வீட்டுக்கே எடுத்துப் போய்விடுவார்.

ஒருநாள் காலையில் திருப்பிக் கொடுக்க வந்தால், பவுனம்மாள் வீட்டுத் தொட்டி நிரம்பி நின்றது.

“யாரும்மா இறைச்சது?”

“எங்கூட்டுக்காரருதான். செத்தும் பழக்கம் வுடல. நான் குளிக்கறதுக்குன்னு ரொப்பி வெச்சுடுவாரு.”

சம்மந்தம் சைக்கிளிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

அடுத்த முறை மருந்து போட்டதும் கிணற்றுக்குள் குனிந்து, “அண்ணே, இன்னிக்கு மட்டும் இறைக்காதீங்க. இந்தத் தண்ணி அண்ணி ஒடம்புக்கு ஆவாது” என்றார்.

விடிந்தபோது தொட்டி காலியாக இருந்தது. பக்கத்தில், ஏரித் தாமரை இலையால் மூடிய ஒரு குடம் தண்ணீர் இருந்தது.